மூலையில் விளைந்த மரச்சீனி

குன்னத்துகால் பக்கத்து இடவழிகளில் ஷீனாவின் ஸ்கூட்டர் சத்தத்தை அறியாத ஆள் இல்லை. சைலன்ஸர் போய் வருடம் இரண்டாகிறது, மாற்ற நேரம் கிடைக்கவில்லை என்று அவள் சொல்லிக்கொள்கிறாள். தோளில் ஒரு பை. பைக்குள் அளவு நாடா, நான்கு இரும்பு முளை, ஒரு சுருள் நைலான் கயிறு, தொங்கவிட்டு நிறுக்கிற தராசு. புதிதாகப் பார்க்கிறவர்கள் நிலம் விற்கிற தரகர் என்று நினைத்து விலை கேட்பார்கள். பழகியவர்கள், "கணக்கு மேடம் வாறாங்க" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டுக் கட்டன் சாயாவுக்கு அடுப்பில் வெள்ளம் வைப்பார்கள்.

அரசாங்கப் புள்ளிவிவரத் துறையில் கள ஆய்வாளர் என்பது அவளுடைய உத்தியோகத்தின் பெயர். எந்த விளை நிலத்தில் மரச்சீனி என்கிற மரவள்ளி நிற்கிறது, எதில் ஏத்தன் வாழை, எதில் ரப்பர் ஏறி உட்கார்ந்துவிட்டது என்று வருடம் முழுக்க நடந்து பார்த்து எழுத வேண்டும். அதோடு, குலுக்கலில் வருகிற நிலங்களில் ஒரு சிறு சதுரத்தை மட்டும் அளந்து, அதில் விளைந்ததைத் தன் கண்முன்னால் அறுக்கவோ பிடுங்கவோ வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும். இப்படி மாநிலம் முழுக்கச் சிறு சிறு சதுரங்களில் நிறுத்ததைக் கூட்டிப் பெருக்கித்தான், இந்த வருடம் கேரளத்தில் இவ்வளவு மரச்சீனி விளைந்தது என்று புத்தகம் போடுகிறார்கள்.

பனச்சமூட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். பரீட்சை எழுதி, பட்டியலில் பெயர் வந்து, வேலைக்குச் சேர்ந்த வாரம் சபையில் அவளுக்காக ஸ்தோத்திரம் ஏறெடுத்தார்கள். அன்று விருந்துக்கு வந்த மாமா ஒருவர், எல்லாம் தெரிந்தவர், கோழிக்காலைக் கடித்துக்கொண்டே உபதேசம் பண்ணினார். "மோளே, போன வருஷத்து எண்ண கொஞ்சம் ஏத்தி எறக்கிப் போட்டா போதும். வெயிலில அலைஞ்சு கறுக்காத." ஷீனாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மாமாவுக்கு ரெண்டாவது கோழிக்கால் வரவில்லை.

கல்யாணம் ஆன பிறகும் அந்தக் குணம் போகவில்லை. கணவன் ஜாய் பாறசாலையில் மின்சாமான் கடை வைத்திருப்பவன், நல்ல மனுஷன், கொஞ்சம் கேலிக்காரன். வருடாந்திரப் புத்தகம் இணையத்தில் வந்ததும் அவள் அதைப் போனில் திறந்து அவன் முகத்துக்கு நேரே நீட்டுவாள். "இதில உனக்க பேரு எங்க இருக்கு?" என்பான் அவன். "பேரு இல்ல." "உனக்க எண்ணாவது?" "அதும் தனியா காணாது. மீன்கறியில உப்பு எங்க இருக்குண்ணு கேட்டா காட்டுவியளா?" என்பாள். அந்தப் பக்கத்தை அவள் பார்க்கிற பார்வையில், பிள்ளை பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதைப் பார்க்கிற பெருமை இருக்கும். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவளுக்கு வந்த அறுவடைச் சோதனைகளில் ஒன்றுகூட நடக்காமல் போனதில்லை. மழை, பனி, ஹர்த்தால், எதற்கும் நிறுத்தியதில்லை. அதைச் சொல்லிக்காட்டவும் அவள் கூச்சப்பட்டதில்லை.

இந்த வருடம் கடைசியாக மிஞ்சியது பரமசிவனின் விளை.

பரமசிவன் எல்லைக் கல்லை ஒட்டி மரச்சீனி போடுகிறவர். கல்லுக்கு இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு, மண் மட்டும் ஒரே செம்மண். பனச்சமூட்டுச் சந்தையில் அவர் கிழங்குக்கென்று தனியாக ஆள் காத்து நிற்கும். மாவாக வேகும், நார் இருக்காது. அந்தப் பெயரை அவர் தலையில் கிரீடமாக வைத்துக்கொண்டுதான் நடப்பார்.

மறுநாள் காலையில் கிழங்கு பிடுங்குவதென்று ஏற்பாடு. நீளத்தில் இத்தனை அடி, அகலத்தில் இத்தனை அடி என்று எண்களைக் குலுக்கி எடுத்து, ஷீனா நாடாவைப் பிடித்து நடந்தாள். எண் கொண்டுபோய் நிறுத்திய இடம் விளையிலேயே மோசமான மூலை. மேலே அயனி மரத்தின் நிழல், கீழே பாறை, மரச்சீனிச் செடியின் மூடுகள் ஏதோ சீக்கு வந்ததுபோல் நின்றன.

"மேடம், அந்த மூல வேண்டாம். அது கொள்ளாத்த மூலையாக்கும்" என்று பரமசிவன் பதறினார். "இங்க வாருங்க. இந்த மூட்டப் பாருங்க. கிழங்கு எனக்க தொடை தண்டி உண்டு."

"அண்ணே, நான் தேடி எடுத்த இடமில்ல இது. எண்ணு வந்து விழுந்த இடம்."

"அப்பம் அந்த எண்ணுக்குக் கண்ணில்லியா?"

"இல்ல. கண்ணில்லாததினாலதான் அத நம்புதோம்."

பரமசிவன் முகத்தில் ஈயாடவில்லை. அவர் மனைவி அம்மிணி சமையல்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஷீனா அங்கே ஒரு தவறு செய்தாள். பிடுங்குகிற அன்றைக்குத்தான் சதுரம் குறிக்க வேண்டும் என்பது முறை. காலையில் வேலை சுருக்கமாக முடியட்டும் என்று அன்று மாலையே நான்கு முளையும் அடித்து, கயிறு கட்டி, அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் வந்தபோது பரமசிவன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி நின்றார். எல்லைக் கல்லுக்கு அப்புறம் பொன்னையனும் தன் விளையில் மண்வெட்டியை ஊன்றி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் மரச்சீனிக்காரர். சந்தையில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒருவர் கிழங்கை ஒருவர் பழிப்பது பல வருடத்து வழக்கம்.

பரமசிவன் முதல் மூட்டைப் பிடித்து இழுத்தார். கம்பு சும்மா கையோடு வந்தது. அடியில் மண்ணைக் கிளறினால், தடிதடியாகக் கிழங்கு. எல்லாம் கத்தியால் அறுத்த முனை. ஷீனா ஒரு கிழங்கை எடுத்துப் பார்த்தாள், அடுத்த மூட்டை அவளே இழுத்தாள். அங்கேயும் கம்பு தனி, கிழங்கு தனி. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"அண்ணே, மரச்சீனிக் கம்ப நட்டு பாத்திருக்கேன். கிழங்க நட்டு இப்பம்தான் பாக்கேன்."

பரமசிவன் வானத்தைப் பார்த்தார். மழை வருமா என்று யோசிக்கிற மாதிரி பாவனை. அம்மிணிதான் முன்னால் வந்தார்.

"நான் சென்னதாக்கும், மோளே. அவரக் குற்றம் செல்லாதீங்க. கவர்மென்டு புஸ்தகத்தில எங்க கிழங்கு நோஞ்சானாட்டு ஏறினா நாணக்கேடில்லியா? விருந்துக்கு ஆளு வந்தா கீறல் விழுந்த பாத்திரத்திலயா விளம்புவோம்? அதுகொண்டு நல்ல கிழங்கா பாத்து கொண்டு வெச்சோம்."

"சரி அக்கா. இந்த மூலையில கெடந்த கிழங்கு எங்க?"

அம்மிணி சமையல்கட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினார். உள்ளே பானை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஷீனாவுக்குக் கொடுப்பதற்காகவே வைத்தது, கூட்டுக்கு நெத்திலிக் கறியும் தயார். அரசாங்கத்தின் புள்ளிவிவரம் மஞ்சளும் உப்பும் போட்டு வெந்துகொண்டிருந்தது.

ஷீனா அயனி மரத்தடியில் உட்கார்ந்தாள். அன்று மாலைக்குள் கணக்கு போய்ச் சேர வேண்டும். மண்ணில் கிடக்கிற தடிக்கிழங்கை நிறுத்து எழுதிவிட்டால் யாருக்கும் தெரியாது. பரமசிவனுக்குச் சந்தோஷம், அம்மிணிக்குச் சந்தோஷம், அவளுக்கும் ஒரு சோதனைகூடத் தவறவில்லை என்கிற பெயர் நிற்கும். உண்மையைச் சொன்னால், முந்தின நாளே முளை அடித்துவிட்டுப் போன தன் அவசரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். அந்தப் பெயரின் மீது அவளுக்கு ஆசை இருந்தது. நிறையவே இருந்தது. ஆனால் பொய் எண்ணை எழுதிவிட்டு, புத்தகம் வரும்போது அந்தப் பக்கத்தை ஜாயிடம் எந்த முகத்தோடு நீட்டுவது?

போனை எடுத்து மேலதிகாரி சோமன் சாரைக் கூப்பிட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பானை வரைக்கும் சொன்னாள்.

"ஷீனா, உன்கிட்ட இத எதிர்பாக்கல்ல" என்றார் சோமன் சார். பிறகு அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வெந்துதா?" என்று கேட்டார். கடைசியில், நடந்ததைக் குறிப்பில் எழுதிவிட்டு அதே விளையில் புதிதாக எண் எடுத்து இன்றே முடிக்கச் சொன்னார்.

புது எண் எடுத்தாள். இந்தத் தடவை பரமசிவனே நாடாவின் மறு முனையைப் பிடித்தார். இதாவது நல்ல இடத்தில் விழட்டும் என்று அவர் உதடு அசைந்தது. நாடா போய் நின்றது எல்லைக் கல்லின் பக்கம். அங்கே போன வாரம் காட்டுப்பன்னி புகுந்து சதுரத்தில் பாதியை உழுது போட்டிருந்தது. பொன்னையன் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே.

பரமசிவனுக்குக் கப்பல் கவிழ்ந்தது. "மேடம், இது நான் வெளைவிச்ச கொறையில்ல. பன்னி செய்த வேல. போன வருஷமும் இப்படித்தான், எல்லாவனுக்க விளையிலயும் புகுந்துது. நஷ்டத்துக்கு ஆப்பீசில போய்ச் சென்னா யாரு கேக்குதாவ? கணக்கில மரச்சீனி ஒண்ணும் குறையல்லண்ணு செல்லுதாவ."

ஷீனா நாடாவைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபமும் பாசமும் ஒன்றாக வந்தது.

"அண்ணே, கணக்கில எப்படிக் குறையும்? நீங்க எல்லாரும் நல்ல கிழங்கா கொண்டு நட்டு வெச்சா, பன்னி எந்தக் கணக்கில ஏறும்? உங்க பேரு புஸ்தகத்தில எங்கயும் வராது. இந்தச் சதுரம் உங்க விளைக்கு மட்டும் உள்ளதுமில்ல. நான் போய்ப் பாக்க முடியாத எல்லா விளைக்கும் சேத்து இதாக்கும் சாட்சி. இந்த சாட்சி பொய் செல்லணுமா? நீங்க செல்லுங்க, நான் முளையப் பிடுங்கிட்டு போறேன்."

பரமசிவன் பன்னி கிளறிய மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தார். அம்மிணி தன் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் மூட்டில் கை வைத்தார். "வாருங்க, பிடுங்குவோம்" என்றார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரமசிவனும் குனிந்தார்.

மிஞ்சிய மூடுகளிலிருந்து வந்தது கொஞ்சம்தான். சிலதில் பன்னியின் பல் பதிந்திருந்தது, சிலது விரல் தண்டிதான் இருந்தது. அம்மிணி உடைந்த துண்டுகளைக்கூட விடாமல் மண்ணைத் துழாவிப் பொறுக்கினார். ஷீனா தராசைத் தொங்கவிடப் போனபோது பரமசிவன் அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்கும் நன்றாகத் தெரியும்படி, கையை உயர்த்திப் பிடித்தார். கிழங்கு போட்ட சாக்கு லேசாக ஆடியது.

எதிர்பார்த்தபடி பொன்னையனின் குரல் வந்தது. "எலே பரமசிவா, உனக்க கிழங்கு இவ்வளவே உள்ளா?"

நேற்றாயிருந்தால் அந்தக் கேள்விக்கு மண்வெட்டி பறந்திருக்கும். பரமசிவன் தராசைத் தாழ்த்தவில்லை.

"இது எனக்க கிழங்கு இல்ல எலே. பன்னி கேறின எல்லா விளைக்கும் உள்ளதாக்கும். உனக்குள்ளதும் இதில உண்டு" என்றார். பொன்னையன் நிற்பது வேறு மாநிலம் என்பதெல்லாம் அவருக்கு அப்போது நினைவில்லை. பிறகு திரும்பி, சந்தையில் விலை கூவுகிற அதே குரலில், தராசில் கண்ட எடையை ஊர் கேட்கச் சொன்னார். "எழுதுங்க மேடம். கொஞ்சம்கூட ஏத்த வேண்டாம்."

ஷீனா எழுதினாள். அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு எழுதியதில் மிகக் குறைந்த எடை அதுதான். எழுதும்போது, இத்தனை வருடத்தில் எந்த எண்ணுக்கும் வராத பெருமையில் அவள் கண் நிறைந்துவிட்டது.