பூரணியை எழுப்பப் பார்த்த ஊர்கள்

ஒரே கதையைப் பல வாய்களிற் கேட்டு, எந்த ஊரில் எந்த இடம் மாறுகிறதென்று பதிந்துகொள்வதே என் தொழில். ஒவ்வோர் ஊரும் சொல்லும் வடிவத்தை நாங்கள் 'பாடம்' என்போம். இதில் முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது வீட்டாரின் பொறுமை. ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு மட்டக்களப்பு வாவிக்கரை வெயிலில் அலைந்து நொந்தவர்களே, நான் சொல்லப்போவது உங்களுக்குத்தான் புரியும்.

நான் துரத்திய கதை சிறியது. பூரணி என்றொரு பதினைந்து வயதுப் பெண். அவளுடைய தம்பியை வாவி கொண்டுபோய்விடுகிறது. அன்று முதல் அவள் தலை வாருவதில்லை, சோறு தின்பதில்லை, பாயை விட்டு எழும்புவதுமில்லை. இதுவரை எல்லா ஊரும் ஒருமித்துச் சொல்லும். அவள் எப்படி எழும்பினாள் என்பதில்தான் ஊருக்கு ஊர் பிணக்கு.

அவசரப் பாடம்

பெரியகல்லாற்றில் மீனவர் ஒருவர் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டே கதை சொன்னார். ராசகுமாரன் வந்தான், பூரணி எழும்பினாள், கலியாணம் முடிந்தது. எல்லாம் ஒரே மூச்சில். இவ்வளவு பெரிய துயரம் இத்தனை விரைவாகத் தீருமா, இடையில் ஏதேனும் விடுபட்டதா என்று முறைப்படி வினவினேன். அவர் வாவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அவள் கெதியா எழும்பினாத்தானே சேர், நான் தோணிய தள்ளலாம்?"

கதவடைத்த பாடம்

காத்தான்குடியில் ஒரு துணிக்கடை முதலாளி சொன்ன கதையில் ராசகுமாரனே இல்லை. ஊரார் ஒவ்வொருவராக வந்து பூரணிக்குப் புத்தி சொல்கிறார்கள்: அழாதே, மறந்துவிடு, தாயை நினைத்துப் பார். பொறுக்க மாட்டாமல் பூரணி எழும்புகிறாள். எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறாள். இது முடிவாகாதே என்று மெல்ல ஆட்சேபித்தேன். அவர் துணியைக் கிழிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "எழும்பினாளா எண்டுதானே சேர் கேட்டீங்க?"

'ம்' இல்லாத கதை

கடல் ஊருக்குள் வந்துபோன சில மாதங்களுக்குப் பின், கல்லடியில் ஒரு தகரக் கொட்டிலில் தங்கம்மாவைச் சந்தித்தேன். அவரும் பூரணி கதை அறிந்தவர். பதிவு தூய்மையாக அமையவேண்டுமென்பது என் கொள்கையாதலால், கதை முடியும்வரை வேறெவரும் வாய் திறக்கலாகாதென்று கட்டளையிட்டேன். தங்கம்மா இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு நின்றார். மறுபடி தொடங்கினார், மறுபடி நின்றார். கேட்பவர் 'ம்' கொட்டாவிட்டால் கதை ஓடாதென்பது, இதே தொழிலில் தலை நரைத்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானே கொட்டியிருக்கலாம். ஆனால் ஆய்வாளன் குரல் பதிவில் விழலாமா?

கொட்டிலின் மூலையில் தகரத்தைப் பார்த்தபடி ஒரு பெண் கிடந்தாள். தங்கம்மாவின் தங்கை மகள் வதனி. அவளுக்கும் பூரணியின் வயதுதான். கடல் அவளுடைய தம்பியைக் கொண்டுபோனது தொட்டு அவள் எவரோடும் பேசுவதில்லையென்று தங்கம்மா வாசலிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். இப்போது மூலையை நோக்கிக் குரல் கொடுத்தார்: "சேர் தன்ட வாய மிசினுக்குக் குடுத்திற்றார். நீ ஒரு 'ம்' சொல்லுகா."

காத்திருந்தோம். கேட்டும் கேளாததுமாக ஒரு 'ம்' வந்தது. தங்கம்மா கண்ணைத் துடைப்பாரென்று எதிர்பார்த்தேன். அவரோ என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "கதை ஓடுது சேர். உங்கட மிசின் ஓடுதா?"

மூலையின் தீர்ப்பு

அதன்பின் கிழமைதோறும் போனேன். ஆய்வுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். பெரியகல்லாற்று முடிவை நான் சொன்னபோது, ராசகுமாரன் வந்த இடத்தில் மூலையின் 'ம்' நின்றுவிட்டது. பதிலுக்கு முதன்முதலாக ஒரு சொல் வந்தது: "பொய்." காத்தான்குடி முடிவுக்கு மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது.

தங்கம்மா விடுவதாயில்லை. "பெரிய நீதவான் இவ! எல்லாத்துக்கும் பிழை பிடிக்கா. அப்ப பூரணி எப்பிடித்தான் எழும்பின? நீயே சொல்லன்கா."

வதனி எங்கள் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவளுடைய தலையும் வாரப்படாமல்தான் இருந்தது. "அவள் இன்னும் எழும்பல்ல பெரியம்மா."

இரண்டு கட்டம்

ஆண்டுகள் சென்று, போர் ஓய்ந்தபின் வாகரைக்குப் போனேன். அங்கே பாலர் பாடசாலையில் நல்ல கதைசொல்லி ஒருத்தி இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் வதனி. எண்ணெய் வைத்து இறுகப் பின்னிய கூந்தல். பிள்ளைகள் "மறுகா? மறுகா?" என்று அடுத்ததைக் கேட்டு அவளை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். கருவியை முடுக்கிவிட்டு நானும் அவர்களோடு தரையில் உட்கார்ந்தேன்.

அவளுடைய பூரணி ஒருநாள் எழும்பித் தலை வாருகிறாள். அடுத்த நாள் திரும்பவும் படுத்துவிடுகிறாள். பிறகொரு நாள் தம்பியின் பட்டத்தை எடுத்துப் பறக்கவிடப் போய், நூலைச் சிக்காக்கி வைத்துவிட்டுப் போன தம்பியை வாயாரத் திட்டுகிறாள். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். வதனியும் சிரித்தாள்.

என் அட்டவணையில் 'எழும்பினாள்', 'எழும்பவில்லை' என இரண்டே கட்டங்கள். இந்தப் பாடத்தை எதிற் சேர்ப்பதென்று கதை முடிந்ததும் அவளிடமே கேட்டேன். "ரெண்டுலயும் போடுங்க சேர். இண்டைக்கு எழும்பி இரிக்காள். நாளைய நாளைக்குப் பாப்பம்."

அந்தப் பதிவைக் கேட்கும் இளைய ஆய்வாளர்கள், கதை நெடுகிலும் பிள்ளைகளை முந்திக்கொண்டு 'ம்' கொட்டும் முதிய ஆண்குரல் யாருடையதென்று கேட்கிறார்கள். பெயரை வெளியிட விரும்பாத தகவலாளர் ஒருவருடையது என்று அடிக்குறிப்பு எழுதிவைத்திருக்கிறேன்.