கீச்சிட்ட மூன்று ஆம்ப்ளிஃபையர்கள்

எங்கள் ஆடியோ கடையில் அவருக்குப் பாம்புச்செவியார் என்று பெயர். வைத்தவன் நான்தான். நான் சர்வீஸ் பிரிவு, ஆம்ப்ளிஃபையரைத் திறந்து பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்கிறவன். அவர் திறக்காமலே கேட்டுச் சொல்கிறவர். இருபத்திரண்டு வருஷமாக அவர் தலையசைக்காமல் முதலாளி ஒரு பெட்டிகூட வாங்கியதில்லை.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணால் கேட்கிறவர்கள். முகப்பில் ஊசி ஆடும் மீட்டர் இருந்துவிட்டால் "ஆகா, என்ன சத்தம்!" என்பார்கள், பாட்டு போடுவதற்கு முன்பே. மீதிப் பேருக்கு எது உரக்கக் கத்துகிறதோ அதுதான் உசத்தி. பாம்புச்செவியார் இதற்கெல்லாம் மசிகிற ஆளில்லை. ஒலி அளக்கும் கருவியை நாற்காலியில் வைத்து, இரண்டு ஆம்ப்ளிஃபையரும் மயிரிழை பிசகாமல் ஒரே அளவு சத்தம் போடுகின்றனவா என்று பார்த்த பிறகுதான் ஒப்பிடவே உட்காருவார். ஒன்றில் பாடகி பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாடுகிறாள் என்பார். இன்னொன்றில் நாலடி தள்ளி நிற்கிறாள், ஆனால் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது என்பார். எனக்குப் பாதிதான் விளங்கும், ஆனாலும் மண்டையை ஆட்டிவைப்பேன். கடை சாலையோரம், லாரி போனால் கண்ணாடி அதிரும். அதனால் கடைசித் தீர்ப்பு மட்டும் எப்போதும் அவர் வீட்டில்தான்.

இந்த முறை வந்தவை இரண்டுமே யானை விலை. ஒன்று அந்தக் காலத்துப் பாணியில் கண்ணாடி வால்வு வைத்தது, மற்றது டிரான்சிஸ்டர். முதலாளி ஒன்றைத்தான் எடுக்கப்போகிறார், எது என்று சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை இரண்டையும் காரில் ஏற்றிக்கொண்டு போனவர், வியாழன் காலை அவற்றோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். முகம் பேயறைந்தாற்போல இருந்தது.

"ரெண்டுலயும் கோளாறு இருக்கு. திறந்து பாரு."

"ரெண்டுலயுமா? பெட்டி பிரிச்சு நாலு நாள்கூட ஆகலையே அண்ணே!"

"வால்வுல பாடகி கீச்சுன்னு கத்துறா. மத்ததுல வயலின் தகரத்தத் தேய்க்கிற மாதிரி இருக்கு."

திறந்தேன், அளந்தேன். இரண்டும் குண்டுக்கல் மாதிரி இருந்தன. சொன்னதும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் கையில் மடித்த காகிதத்தோடு வந்தார். வேலையை விடுகிறேன் என்று முதலாளிக்கு எழுதியிருந்தார்.

"தங்கச்சி கல்யாணமாகிப் போனதுலேருந்து தொடாம வச்சிருந்த என்னோட பழசையும் போட்டுக் கேட்டேன்யா. பதினஞ்சு வருஷமா கேக்குற ஆம்ப்ளிஃபையர். அதுவும் கீச்சிடுது. மூணும் ஒரே நேரத்துல கெட்டுப்போகுமா? காதுதான் போயிடுச்சு."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"அத அவர் வாயால வேற கேக்கணுமா?"

அவருக்குப் பயம். காது போனால் இந்த மனிதரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடவே இருந்த தங்கைக்கும் நாற்பத்து மூன்று வயதில் கல்யாணம் கூடிவந்து, அவள் போய் இரண்டு மாதமாகிறது. இனி பாட்டைத் தவிர அந்த வீட்டில் மனிதக் குரல் கிடையாது. நான் காகிதத்தைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "மொதல்ல உங்க வீட்டக் காட்டுங்க" என்றேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் ஒரு தடவைகூட என்னை அவர் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை.

மத்தியானம் போனோம். கூடத்தில் ஒரு நாற்காலி, இரண்டு ஸ்பீக்கர், தரையில் வரிசையாக மூன்று ஆம்ப்ளிஃபையர். வேறு ஒரு துரும்பு இல்லை. "செருப்ப எங்க விடட்டும்?" என்று கேட்டேன். என் குரலே சுவரில் முட்டி என்னிடம் திரும்பி வந்தது. கையைத் தட்டினேன். ணங்கென்று எதிரொலி வால் மாதிரி நீண்டது.

"இங்க முன்னால என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. தங்கச்சியோட தையல் மூட்டைங்க. தைக்க வந்த துணி, வெட்டுத் துண்டுன்னு செவுரு முழுக்க அடுக்கி வச்சிருப்பா. நடக்க வழி இருக்காது. எடுத்துத் தொலைம்மா, சத்தமே கெட்டுப்போகுதுன்னு இருபது வருஷமா கத்தியிருக்கேன். போறப்ப ஒரு நூல் விடாம அள்ளிட்டுப் போயிட்டா."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், கோபம்தான் வந்தது. மயிரிழை அளக்கிற மனிதர், அறை காலியானதை அளக்கவில்லை. வெற்றுச் சுவரில் பட்ட சத்தமெல்லாம் பந்து மாதிரித் திரும்பி வந்துகொண்டிருந்தது. அத்தனை வருஷமும் அதை உறிஞ்சிக்கொண்டிருந்தவை அந்த மூட்டைகள்தான்.

"உங்க காதுக்கு ஒண்ணும் ஆகல" என்றேன். "இத்தன நாளா உங்க பாட்டக் காப்பாத்தினதே அந்த மூட்டைங்கதான்."

உள்ளேயிருந்து மெத்தையையும் கம்பளிகளையும் இழுத்து வந்து சுவரில் சாத்தினேன். வால்வைப் போட்டோம். பாடகி நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், எனக்கே விளங்கியது. அடுத்ததையும் அளவு சமப்படுத்திக் கேட்டார். "வால்வையே எடுக்கச் சொல்லு" என்றார். நான் காகிதத்தைக் கிழித்தேன். அவர் முகத்தில் மட்டும் ஒரு சந்தோஷமும் இல்லை.

"தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொல்லுங்கண்ணே" என்றேன்.

போட்டார். அந்த அறையில் அவள் குரல் எனக்கும் நன்றாகவே கேட்டது.

"சாப்பிட்டியாண்ணா? வீடு இப்ப விசாலமா இருக்கா? இப்பவாவது பாட்டு நல்லா கேக்குதா? எவ்வளவு இடைஞ்சல் பண்ணிட்டேன் ஒனக்கு!"

அவர் மெத்தையைப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா கேக்குதும்மா" என்றார்.

போனை வைத்ததும் எகிறினேன். "ஏண்ணே பொய் சொன்னீங்க? ரெண்டு நாள் வந்து இருந்துட்டுப் போன்னு கூப்பிட்டிருக்கலாமே?"

"இருபது வருஷம் தொரத்திட்டு இப்பக் கூப்பிட்டா," என்றார், "மூட்டைக்காகக் கூப்பிடுறேன்னுதானே நெனச்சுக்குவா?"