முதுகில் பட்டால் அவுட்

சனிக்கிழமை காலையில் பாரிஸில் லா சப்பல் மெத்ரோ மேடையில் மலரையும் அவருடைய மகள் ஆரணியையும் சந்திப்பேன். மலரின் கடைப்பையிலிருந்து முருங்கைக்காய்க் கட்டும் பேஸ்போல் மட்டையும் ஒன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். புறநகரிலிருந்து கார் து நோர் ரயில் நிலையத்தில் வந்து இறங்குபவர், பின்னேரம் வாடினதுதான் மிஞ்சும் என்று மரக்கறியை முதலில் வாங்கிவிடுவார். மேடையில் நிற்கும் எங்கள் சனம் மட்டையைத்தான் புதினமாக விடுப்புப் பார்க்கும். நாசியோனில் இறங்கி மைதானத்துக்குப் பஸ் ஏறியபின் எங்கள் ஆட்கள் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அங்கே எல்லோரும் முருங்கைக்காயைப் பார்ப்பார்கள்.

நான் அவர்களுக்கு உறவில்லை. ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை. ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் மேல்மாடி அறையொன்றில் தனியாக இருக்கிறேன். கலியாணம் பொருந்தி வரவில்லை; பிறகு அதைப் பற்றிக் கேட்பாரும் இல்லை. இங்கே என்னைப் ‘பிரெஞ்சு தெரிஞ்ச அண்ணை’ என்பார்கள். வதிவிட விசாக் காட் புதுப்பிக்க, ஆஸ்பத்திரியில் டொக்டரோடு கதைக்க எனக்கு போன் வரும். அலுவல் முடிந்தால் போனும் ஓய்ந்துவிடும். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன், ஆளாளுக்கு ஆயிரம் சோலி. ஆனால் வார விடுமுறையில் பிரிட்ஜ் இரைவதைக் கேட்டுக்கொண்டு கிடப்பது பெரிய கொடுமை. அதனால் மலரின் கணவர் சிவம் ரெஸ்டோரன்ட் குசினியிலிருந்து போன் எடுத்து, “அண்ணை, பிள்ளை பேஸ்போலாம். எனக்குச் சனிக்கிழமை லீவு தரமாட்டாங்கள். ஒருக்கா கூடப் போய்க் கதைச்சு விடுங்கோ” என்றபோது, அவர் முடிக்க முன்னமே ஓம் என்றுவிட்டேன்.

பள்ளிக்கூடத்துச் சிநேகிதி ஒருத்தியைப் பார்த்து ஆரணிக்கு வந்த ஆசை அது. எனக்கோ சிவத்துக்கோ அந்த விளையாட்டின் தலையும் தெரியாது, காலும் தெரியாது. கழகத்தைத் தேடிப் பிடித்தேன். டொக்டரின் சான்றிதழ் எடுத்துக் கொடுத்தேன். கையுறை வாங்கக் கூடப் போனேன். முதல்நாள் பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்த மலர் மட்டும், “இது எங்கட எல்லே மாதிரித்தானே அண்ணை” என்றார். 2009இல் யுத்தம் முடிந்தபிறகு வந்த மலர் ஊரைப் பற்றித் தானாக வாய் திறந்தது அன்றைக்குத்தான். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட எல்லே அணியில் இருந்தவராம். எனக்கும் எல்லே ஞாபகம் வந்தது. தடியால் டென்னிஸ் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடவேண்டும். ஓடுகிறவரின் முதுகைக் குறிபார்த்துப் பந்தால் எறிவார்கள். பட்டால் அவுட். சுளீரென்று ஒரு வலி, கூட்டத்தில் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

மலர் வீட்டுக்கு முன்னால் உள்ள புல்வெளியில் மகளுக்கு எல்லே மாதிரி எறியப் பழக்கியிருக்கிறார். அது எனக்குத் தெரியாது. முதல் சிநேகபூர்வ ஆட்டத்தில் பந்து ஆரணியிடம் உருண்டு வந்தது. எதிரணிப் பொடியன் ஒருவன் அடுத்த தளத்துக்கு ஓடிக்கொண்டிருந்தான். தளத்தில் நின்ற பிள்ளை கையுறையை விரித்துக் காத்திருக்க, ஆரணி ஓடினவனுடைய முதுகுக்கு எறிந்தாள். பேஸ்போலில் தளத்துக்குத்தான் எறியவேண்டும், ஆளுக்கு எறியக்கூடாது; பந்து கல்லு மாதிரி. பொடியன் குப்புற விழுந்தான். பெற்றோர் இருந்த வாங்கிலிருந்து மலர் மட்டும் துள்ளி எழும்பி, “அவுட்! அவுட்!” என்று கைதட்டினார். பிறகு என்னிடம் திரும்பி, “ஏன் அண்ணை, ஒருத்தரும் கை தட்டேல்லை?” என்றார்.

பொடியனுக்குப் பெரிய அடியில்லை. பயிற்றுநர், தாடி வைத்த இளைஞர், என்னைத் தனியே கூப்பிட்டு, வேண்டுமென்றே எறிந்தாளா என்று கேட்டார். எங்கள் நாட்டில் ஓடுகிறவரை அடிப்பதுதான் வழக்கம் என்று விளக்கினேன். அவருடைய முகம் இளகிவிட்டது. என் தோளில் கை வைத்து, “தெரியும் மிசியே. அங்கே நடந்ததை டெலிவிஷனில் பார்த்தேன். இங்கே அவளை ஒருவரும் அடிக்கமாட்டார்கள்” என்றார். ஐயோ, நான் சொன்னது விளையாட்டை என்று திருத்த வாயெடுத்தேன். அதற்குள் அவர் போய்விட்டார். கந்தோர்களில் வழக்காடி வெல்லும் என் பிரெஞ்சு ஒரு விளையாட்டைச் சொல்ல உதவவில்லை.

திரும்பும்போது மெத்ரோவில் ஆரணி என்னிடம் பிரெஞ்சில் சொன்னாள்: “மாமா, இனி நீங்கள் மட்டும் வாங்கோ. அம்மா வேண்டாம்.” சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது: என்னை வரச்சொல்லி ஒரு பிள்ளை கேட்கிறதே என்று ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. மலர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீங்கள் வேலையால களைச்சுப்போறியளாம், சனிக்கிழமையில ஆறுதலா இருக்கட்டாம்” என்று மொழிபெயர்த்தேன்.

“எனக்குப் பிரெஞ்சு கதைக்கத்தான் வராது அண்ணை” என்றார் மலர். “விளங்கும்.”

லா சப்பலில் மலர் மட்டையைத் தானே தூக்கிக்கொண்டு முதலில் இறங்கினார்.

அடுத்த சனிக்கிழமையும் மலர் வந்தார். ஆனால் மைதானத்துக்குள் வரவில்லை. கம்பிவேலிக்கு வெளியே, பையைக் காலடியில் வைத்துவிட்டு, வேலிக்கண்ணில் விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றார். நான் பெற்றோர் வாங்கில் அவருடைய இடத்தில் இருந்தேன். பக்கத்துப் பெண்மணி என்னை ஆரணியின் தகப்பன் என்று நினைத்து ஏதோ பாராட்டினார். மறுக்க மனம் வரவில்லை.

ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் பந்து மறுபடி ஆரணியிடம் வந்தது. அவளுக்கு நேர்முன்னால் ஒரு பிள்ளை ஓடியது. முதுகு தெரிந்தது. ஆரணியின் கை அந்த முதுகை நோக்கி ஓங்கியது, நின்றது, பிறகு திரும்பித் தளத்துக்கு எறிந்தது. “ரெத்திரே!” என்று பயிற்றுநர் கத்தினார்; பிரெஞ்சில் அவுட். வாங்கு முழுக்கக் கைதட்டியது, நானும் தட்டினேன். ஆரணி எங்களைப் பார்க்கவில்லை. வேலியைப் பார்த்தாள்.

எழுந்து வேலியடிக்குப் போனேன்.

“அவுட்டோ அண்ணை?”

“ஓம். அவுட்.”

மலர் கம்பியிலிருந்து விரல்களை எடுத்தார். “இப்ப கை தட்டலாமோ?”

“தட்டுங்கோ.”

அதற்குள் வாங்கில் கைதட்டல் ஓய்ந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் மலர் தட்டினார். இந்தப் பக்கம் நான் தட்டினேன். வாங்கில் இருந்தவர்கள் திரும்பி, அந்தப் பெண் யாரென்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார்கள். ஆரணி தொப்பியை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டாள். வெட்கமா சிரிப்பா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.