கேள்விக்குறி போடாத கடிதம்

என் கணவர் ஜெர்மனிக்குப் போனபோது எனக்குப் பதினெட்டு வயது. சேலத்தில் எங்களுக்குச் சொந்தமாகச் சாயப்பட்டறை இருந்தது. சாயம் வருகிற நாட்டிலேயே அந்த வேலையைப் படித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கப்பலேறினார். மாதம் இரண்டு கடிதம் வரும். இரண்டாம் வருஷம் அது நின்றது. நான்கு மாதம் கழித்து, அவர் குடியிருந்த வீட்டுக்காரம்மாவிடமிருந்து ஜெர்மன் மொழியில் மூன்று வரி வந்தது.

அஸ்தம்பட்டிப் பக்கம் இருந்த ஜெர்மன் நர்ஸம்மா படித்துச் சொன்னார். உன் கணவருக்குக் க்ஷயரோகம். மலைப்பக்கம் ஏதோ ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். எங்கே என்று இந்த அம்மாவுக்குத் தெரியவில்லை.

நர்ஸம்மா அந்த வாரமே விடுமுறையில் தன் ஊருக்குப் புறப்பட்டார். போகும்போது ஒரு ஜெர்மன் பாடப்புத்தகமும் அகராதியும் கொடுத்தார். எட்டாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆப்பிள் சிவப்பு, மேஜை பெரிது என்று பாடங்கள் போயின. ஆப்பிளும் மேஜையும் எனக்கு எதற்கு? பொறுமை இல்லை. மூன்றாம் பாடத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்காரம்மாவுக்கு எழுதத் தொடங்கினேன்.

"மைன் மன் இஸ்ட் கெஸுண்ட். எர் கொம்ட் நாக் ஹவுஸெ."

என் கணவர் சுகமா, வீட்டுக்கு வருவாரா என்று கேட்டதாக நினைத்தேன். தமிழில் கடைசியில் ஓர் 'ஆ' சேர்த்தால் போதும், எந்தச் சொல்லும் இடம் மாற வேண்டாம். கேள்விக்குறி போடுகிற வழக்கமும் எங்கள் வீட்டுக் கடிதங்களில் இல்லை. அப்படியே தபாலில் சேர்த்தேன்.

இரண்டரை மாதம் கழித்து ரயிலில் அவருடைய பெட்டி வந்தது. அவர் வரவில்லை. சட்டைகள், சவரக்கத்தி, எங்கள் கல்யாணப் படம், எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன. அவரைப் பெற்ற என் அத்தை ஒரு சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு கத்தினார். "எஞ்சாமி, சட்டைய அனுப்பிப்போட்டு நீ எங்கடா போனே!"

தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டம்மா என் தலையைத் தொட்டு, "பூவ எடுத்துரு கண்ணு" என்றார்.

"எடுக்கமாட்டேனுங்க. யாரும் செத்துட்டார்னு சொல்லலீங்களே" என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்காரம்மாவின் கடிதம் வந்தது. அகராதியைப் புரட்டிப் புரட்டிப் படித்தேன். உங்கள் கணவர் குணமாகி ஊர் திரும்புவதாக எழுதியிருந்தீர்கள், மிகவும் சந்தோஷம், அவர் பெட்டியை அனுப்பிவிட்டேன் என்று இருந்தது. ஏழாம் பாடத்தைத் திறந்தேன். கேட்பதென்றால் வினைச்சொல்லை முன்னால் கொண்டுவர வேண்டும் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். "நாந்தான் தப்பா எழுதிப்போட்டேனுங்க அத்தை. கேக்கறதுக்குப் பதிலாச் சொல்லிப்போட்டேன்."

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப எம்பையன் இருக்கறானா?"

"தெரியலீங்க."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றே தந்தியாபீசுக்குப் போனேன். "லேப்ட் மைன் மன்" என்று எழுதிக் கொடுத்தேன். உயிரோடு இருக்கிறாரா என் கணவர் என்று அர்த்தம். குமாஸ்தா எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, "கேள்விக்குறி போடணுங்களா?" என்றார்.

"போடுங்க. அது உளுந்துபோனாலும் இது கேள்விதானுங்க."

பதினோரு நாள் பதில் இல்லை. வீட்டுக்காரம்மா எங்கெங்கோ விசாரித்திருக்கிறார். அந்தப் பதினோரு நாளும் அத்தை என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் தந்திச் சேவகன் வாசலில் நின்றான். பிரித்தேன். "எர் லேப்ட்." கீழே ஒரு மலை ஆஸ்பத்திரியின் பெயர்.

"என்னன்னு போட்டிருக்குது?" என்று அத்தை உள்ளேயிருந்து கேட்டார்.

"இருக்கறாருங்க" என்றேன்.

மறுவருஷம் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். சாயப்பட்டறைப் புகை ஆகாது என்று டாக்டர் சொன்னதால் நாமகிரிப்பேட்டைப் பக்கம் குடிபோனோம். பெட்டியை முன்னாடியே அனுப்பிவிட்ட வீட்டுக்காரம்மாவை அவர் அடிக்கடி குறை சொல்வார். நானும் வாய் திறக்கவில்லை, அத்தையும் காட்டிக்கொடுக்கவில்லை. அங்கே காற்று நன்றாக இருந்தது. இன்னும் ஐந்து வருஷம் உயிரோடு இருந்தார்.