இடுப்புக்குச் சுற்றின உப்பு

இந்த நாட்டில் சுகமாக இருக்கிற ஆளையும் ஆசுபத்திரிக்குக் கூப்பிடுகிறார்கள். நோர்வேக்கு வந்த புதிதில் எனக்கு இடுப்பில் ஒப்பரேசன் செய்தார்கள். முள்ளந்தண்டில் சவ்வு பிதுங்கி நரம்பை நசித்ததாம். சின்னத் துளை ஒன்று போட்டு எடுத்துவிட்டார்கள். தழும்பு என் பெருவிரல் நகத்தளவும் இல்லை. சுனாமியில் கடல் வந்த அன்று, எங்கள் ஊர் கல்லடியில் இடிந்த சுவருக்குக் கீழிருந்து என் மனிசனை இழுத்தெடுத்தபோது பிடித்த நோவு அது. நாட்டுச் சண்டை முடியும்வரைக்கும் நிமிர முடியாமல் திரிந்தேன். அவ்வளவு பெரிய நோவு இவ்வளவு சின்னத் துளையால் எப்படிப் போனது? வருஷங்கள் போயும் எனக்கு விளங்கவில்லை.

இன்னும் டொக்டர் இடைக்கிடை கூப்பிட்டு, நோவு இருக்கிறதா என்று கேட்பார். மகள் தமிழில் சொல்வாள். "கொஞ்சம் கிடக்கு" என்பேன். எங்கள் பக்கத்தில் சுகம் கேட்டால் "ஏதோ இருக்கன்" என்றுதானே சொல்லுவோம். நல்ல சுகமென்று வாய்விட்டால் நாவூறு பட்டு, போன வருத்தம் திரும்பிவிடும்.

இந்த முறை டொக்டர் முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு காலமாகியும் நோவு போகவில்லையென்றால் திரும்பவும் துளை போடவேண்டி வருமாம், அதுவரை பிளேனில் போகக்கூடாதாம். தைமாதம் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தாயிற்று. கல்லடியை விட்டு வரமாட்டேனென்று நின்ற மனிசனுக்கு இப்போது கண் மங்கிக்கொண்டு வருகுது. டெலிபோனில் விஷயத்தைச் சொன்னேன்.

"என்னகா, இடுப்பை அங்க வெச்சிற்று நீ மட்டும் வாவன்" என்று சிரித்தார். மறுகா சிரிக்காமல், "உன்ட முகம் தெரியக்குள்ள வந்திரு" என்றார்.

மகள் கேட்டாள்: "உண்மையா நோகுதாம்மா?"

"இல்ல புள்ள."

"அப்ப ஏன் கிடக்கு எண்டு சொன்னீங்க?"

காரணத்தைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். "நாவூறை நான் அந்தாளுக்கு என்னெண்டு விளங்கப்படுத்துற?"

அடுத்த கிழமை டொக்டர் திரும்பக் கேட்டார். மகள் வாய் திறக்குமுன் நானே "நை" என்றேன். இல்லை என்பதற்கு இங்கத்தைச் சொல் அது. அவர்கள் பாஷையில் சொன்னால் எங்கள் ஊர் நாவூறுக்குக் கேளாது என்றொரு நினைப்பு. டொக்டர் என்னைக் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், பிளேனில் போய்வரலாம் என்றார்.

வெளியே வந்து பஸ்ஸில் ஏறும்போது இடுப்பில் சுரீரென்றது. நோவா, பயமா, தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, நாவூறு கழிய உப்பும் மிளகாயும் எடுத்து என் இடுப்புக்கு நானே சுற்றினேன். போடுவதற்கு நெருப்பில்லை. கண்ணாடி போட்ட கரண்ட் அடுப்பு. மிளகாய் கருகினால் கட்டடம் முழுக்கப் புகைச் சங்கு ஊதும். கல்லடி அடுப்பில் போடுவமென்று கைலேஞ்சித் துணியில் முடிந்து வைத்தேன். நோர்வேக் கடை உப்பு, பயணப் பெட்டிக்குள், மனிசனுக்கு வாங்கின சேட்டுக்குள்ளே கிடக்கிறது.