மாற்றலாகிப் போனவரின் லாக்-இன்

பதுளையிலிருந்து மடுல்சீமை பஸ்ஸில் புதிய சர்வரை மடியில் வைத்துக்கொண்டே போனேன். டிக்கியில் போடச் சொன்ன கண்டக்டரை நான் நம்பவில்லை. அதைப் பொருத்த வேண்டிய தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இறங்கினால், அங்கே என்னை யாரும் நம்பவில்லை.

அடுத்த வாரம் தவணைப் பரீட்சை. வினாத்தாள்கள் எல்லாம் பழைய சர்வரில் இருந்தன. பாடசாலை அதிபர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தம்பி, பேப்பர் இருக்கிற ஃபோல்டரத் தொறக்காம மாத்த முடியாதா?”

“தொறக்க மாட்டேன் சார். அப்படியே காப்பிதான் பண்ணுவேன்.”

“அந்தக் காப்பியத்தான் பண்ணக் கூடாதுங்கிறேன்.”

பயனர் கணக்குகளைப் பட்டியல் எடுத்தபோது ஒன்று உறுத்தியது. பாக்கியம் டீச்சர் பண்டாரவளைக்கு மாற்றலாகி இரண்டு வருடமாம். ஆனால் அவருடைய லாக்-இன் நேற்றுக் காலையும் வினாத்தாள் ஃபோல்டருக்குள் போயிருந்தது. போனது கணினி அறையின் மூலைக் கம்ப்யூட்டரிலிருந்து. அதில் வேலை செய்பவர் யோகேஸ்வரி டீச்சர். நிரந்தர நியமனத்துக்குக் காத்திருக்கும் தொண்டர் ஆசிரியை.

எனக்குத் திருடனைப் பிடித்துவிட்ட குஷி. மற்ற நாட்களின் பதிவைப் பார்க்காமலே அதிபரிடம் சொல்லிவிட்டேன். அவர் டீச்சரைக் கூப்பிட்டார்.

“நேத்து பாக்கியம் டீச்சர் பேர்ல பேப்பரத் தொறந்தது நீங்களா?”

“ஆமாங்க சார். தமிழ்ப் பேப்பர் டைப் பண்ணினேன்.”

“இத வலயக் கல்வி ஆபீசுக்கு எழுதினா ஒங்க நியமனம் என்னாகும், தெரியுமா?”

டீச்சர் உட்காரவில்லை. தன் சொந்தக் கணக்கில் நுழைந்து தமிழில் நாலு எழுத்து அடித்தார். திரையில் கட்டம் கட்டமாக வந்தது. பாக்கியம் டீச்சரின் கணக்கில் அடித்தார். தமிழ் வந்தது.

“அவங்க போறதுக்கு முந்தி அவங்க கணக்குல மட்டும் தமிழ் டைப்பிங் போட்டாங்க சார். இங்க எல்லாருமே அதுலதான் அடிக்கிறோம். ஒங்க ரூம் கம்ப்யூட்டர காலையில அந்தக் கணக்குல போட்டுக் குடுக்கிறது நான்தானே? நீங்களும் பாக்கியம் டீச்சர்தான்.”

அதிபர் என்னைப் பார்த்தார். நான் அப்போதுதான் முழுப் பதிவையும் திறந்தேன். அந்தக் கணக்கு அதிகம் திறந்திருந்தது அதிபரின் அறையில்.

புதிய சர்வரில் எல்லாக் கணக்குகளுக்கும் தமிழ் தட்டச்சைப் போட்டேன். ஒவ்வொருவரும் தன் பெயரில் ஒரு வரி அடித்துப் பார்த்த பிறகே பழைய கணக்கை மூடினேன்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே தம்பி,” என்றார் யோகேஸ்வரி டீச்சர். அவ்வளவுதான் சொன்னார்.

எந்தக் கணக்கு, எந்த நேரம் என்று பதிவு சொல்லும். ஏன் என்று கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் அவரிடம்தான் முதலில் போகிறேன்.

புறப்படும்போது அதிபர், “பையக் கொஞ்சம் காட்டிட்டுப் போங்க,” என்றார். யோகேஸ்வரி டீச்சர் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்க்ரூடிரைவர், பென் டிரைவ், பாதி தின்ற பன் என்று ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைத்தேன்.