மச்சாளுக்கு நான் அடித்துக் கொடுத்த ஸ்மூத்தி

கோயிலுக்கு வரும் பெண்களே, முதலில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். என் எழுத்து கோணல் மாணலாகத்தான் வரும். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குள் போய்விடுவேன். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வந்தது இதுதான். பிறந்த நாள் தொட்டு முட்டையோ மீனோ வாயில் வைக்காத என் மச்சாளுக்கு, என் கணவரின் அக்காவுக்கு, நான் முட்டை கொடுத்தேன். ஒரு தரம் அல்ல... கை தவறியும் அல்ல... ஸ்மூத்தியில் உடைத்து ஊற்றி, நாள் தவறாமல், என் கையாலேயே கொடுத்தேன்!

வெள்ளிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் என்னைப் பிடித்து நிறுத்தினீர்களே, நினைவிருக்கிறதா? "அக்கா, மச்சாளுக்கு என்னத்தைக் குடுக்கிறியள்? முகம் மினுங்குது! எங்களுக்கும் அந்தச் செய்முறையைச் சொல்லுங்கோவன்" என்று கேட்டீர்கள். நான் சிரித்துவிட்டு விலகிப் போனேன். வெட்கத்தில் போகிறாள் என்று நினைத்திருப்பீர்கள். நான் வெட்கப்படுகிறவள்தான். ஆனால் அன்று விலகியது வெட்கத்தால் அல்ல.

செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். வல்லாரை ஒரு பிடி, முருங்கையிலை கொஞ்சம், கதலி வாழைப்பழம் ஒன்று, கொட்டை எடுத்த பேரீச்சம்பழம், அன்னாசி இரண்டு துண்டு, இஞ்சி, தேங்காய்ப்பால். இது நீங்கள் எல்லாரும் அறிந்தது. நான் விலகிப் போன பிறகு மச்சாள் வாயாலேயே ஊர் முழுக்கப் பரவியது. மச்சாளுக்கே தெரியாதது அந்த ஒரு முட்டை.

ஏன் செய்தேன்?

நான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண். அப்பா துறைமுகத்தில் வேலை. எங்கள் வீட்டில் மீன் இல்லாமல் சோறு இல்லை. என் கணவர் புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் கணக்குப் பார்த்தவர். விரும்பித்தான் கட்டினோம். வெள்ளவத்தையில் மச்சாளின் பிளாட்டுக்குள் நான் கால் வைத்த அன்றே என் பெயர் போய்விட்டது. பிலோமினா என்ற என்னை மச்சாள் புவனேஸ் ஆக்கினா. கோபம் வந்தால் அந்தப் பெயரும் இல்லை. "ஏய் கொட்டாஞ்சேனை, இஞ்ச வா!" இன்றைக்கும் அப்படித்தான்.

அதையெல்லாம் நான் பொறுத்தேன். மீனை விட்டேன். பொட்டு வைத்தேன். தேவாரம்கூடப் பாடமாக்கினேன்... ஒன்றை மட்டும் பொறுக்கவில்லை.

என் மகன் சுதன் வயிற்றில் இருந்தபோது எனக்குத் தலை சுற்றும். கண் இருட்டிக்கொண்டு வரும். கிளினிக்கில் மிஸி, தாதி அம்மா, என் கண்மடலை இழுத்துப் பார்த்துவிட்டு, "உடம்பில ரத்தம் இல்லை அம்மா. நாளுக்கொரு முட்டை கட்டாயம்" என்றா. என் கணவர் பயந்து பயந்து ஒரு கடதாசிப் பையில் முட்டை வாங்கி வந்தார். மச்சாள் பையைப் பிரித்துப் பார்த்தா. பின்பக்க ஜன்னலைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே போட்டா. கீழே கழிவுநீர்க் கானுக்குள் விழுந்து உடைகிற சத்தம் மேலே கேட்டது. பிறகு மஞ்சள் தண்ணீர் கரைத்து என் கையில் தந்து, அந்த வயிற்றோடு சமைக்கிற குசினி முழுவதையும் கழுவ வைத்தா.

என் கணவர்? அக்காவுக்கு முன்னால் குரல் எழும்பாத மனுஷன். கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிள்ளை பிறந்தது, வற்றல் மாதிரி. எனக்குப் பால் வரவில்லை. வந்த கொஞ்சமும் நின்றுவிட்டது. "மீன் தின்ற உடம்பில பால் எங்கயிருந்து வரப்போகுது?" என்று சொல்லிக்கொண்டே மச்சாள் டின் பால் கரைத்தா. தன் மடியில் வைத்துப் பருக்கினா. பிள்ளை அந்த மடியைப் படித்துக்கொண்டான். நான் தூக்கினால் அழுவான். அவ தூக்கினால் அடங்குவான். மச்சாள் அதைப் பார்த்துச் சிரிப்பா... அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. எத்தனையோ விஷயம் மறந்து போகிறேன். அது மட்டும் போகுதில்லையே!

இப்போது சுதன் லண்டனில் இருக்கிறான். என் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிளாட்டில் நானும் மச்சாளும்தான்.

போன வருடம் மச்சாளுக்குத் தலை சுற்றத் தொடங்கியது. முகம் வெளிறிப்போய்ச் சுண்ணாம்பு மாதிரி. டொக்டர் இரத்தம் குறைவு என்றார். "முட்டை சாப்பிடுவீங்களா?" என்று கேட்டதுதான் தாமதம், மச்சாள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டா. "டொக்டர், நான் ஆரெண்டு நினைச்சீர்?"

சுதன் கேள்விப்பட்டுப் பதறினான். லண்டனிலிருந்து ஒரு பிளெண்டர் அனுப்பினான். "அம்மா, பெரிய மாமிக்குக் காலமை காலமை ஸ்மூத்தி அடிச்சுக் குடுங்கோ. கீரை, பழம், எல்லாம் போடுங்கோ" என்று வீடியோவில் சொல்லித் தந்தான். நீங்களும் ஒரு கிளாஸ் குடியுங்கோ அம்மா என்று அவன் சொல்லவில்லை. நான் காத்திருந்து பார்த்தேன்... சொல்லவில்லை.

முதல் கொஞ்ச நாள் சுத்தமாகத்தான் அடித்தேன். மச்சாள் மாறவில்லை, சோர்ந்துதான் கிடந்தா. ஒரு மாலை சுதனோடு கதைத்துக்கொண்டிருந்தா. நான் பக்கத்தில் நின்று உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். "உன்னை வளர்த்தது இந்தக் கை ராசா. அவள் பெத்தவள் மட்டும்தானே" என்றா. போனில் சுதன் சிரித்தான்.

அடுத்த நாள் காலை நான் தெருமுனையில் இருக்கிற ஒழுங்கைக் கடைக்குப் போனேன். "முதலாளி, பித்தர எக்கக் தென்ன." சிங்களத்தில் ஒரு முட்டை கேட்டேன். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும், "ஆச்சி, எப்பவும் ஒண்டுதானா? வீட்டில சேவலைக் கட்டி வைச்சுப் பட்டினி போடுறீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரிப்பார். நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்துவிடுவேன்.

அன்னாசியும் இஞ்சியும் போட்டால் முட்டையின் வெடுக்கு நாற்றம் தெரியாது. நுரை மட்டும் பொங்கிக்கொண்டு வரும். மச்சாள் கிளாசைத் தூக்கிப் பார்த்து, "நுரையைப் பார்! லண்டன் மெசின் எண்டால் லண்டன் மெசின்தான்" என்றா. குடித்துவிட்டு விளிம்பையும் நக்கினா.

நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். கடவுளே, என்ன சிரிப்பு அது! அவவின் சைவம், அவவின் மஞ்சள் தண்ணீர், அவவின் திருநீறு, எல்லாவற்றையும் நான் ஒரு கிளாசுக்குள் கவிழ்த்துவிட்டேன்! ஒவ்வொரு காலையும் அந்தச் சந்தோஷத்துக்காகவே நான் எழும்பினேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

ஆனால் பழிவாங்கப் போன எனக்கு என்ன நடந்தது தெரியுமா? மச்சாளுக்குச் சுகம் வந்தது! இரத்தம் ஏறியது. படி ஏறினா. கோயிலுக்கு நடந்து போனா. "சுத்த சைவம், பிள்ளையள். முட்டையும் வேண்டாம், மீனும் வேண்டாம். என்னைப் பாருங்கோ!" என்று உங்களுக்கெல்லாம் பிரசங்கம் வைத்தா. நீங்கள் தலையாட்டினீர்கள். நான் செருப்புக் கழற்றும் இடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அது அந்த மண்டபத்தோடு நின்றிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

சுதனின் மனைவி நிரோஷாவுக்கு இப்போதுதான் முதல் பிள்ளை தங்கியிருக்கிறது. அவளுக்கும் இரத்தம் குறைவாம். மச்சாள் உடனே போனைத் தூக்கினா. "முட்டை, மீன் எல்லாத்தையும் நிப்பாட்டு. இந்த வயசில எனக்கே ரத்தம் ஏறியிருக்கு. நான்தானே சாட்சி!" சுதனுக்குப் பெரிய மாமி சொன்னால் வேதம்.

ஒரு நாள் மச்சாள் தூங்கும்போது நிரோஷா எனக்குப் போன் எடுத்தாள்.

"மாமி, இவர் முட்டை வாங்கிறதை நிப்பாட்டிட்டார். ஃப்ரிட்ஜ் முழுக்கக் கீரைதான். பெரிய மாமி வீடியோவில ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டச் சொல்லிப் பாக்கிறா! நான் என்ன மாடா?"

கானுக்குள் முட்டை உடைகிற சத்தம்... அது லண்டன் வரைக்கும் போய்விட்டதே! போனதற்குப் பாதை போட்டவள் யார்? நானல்லவா?

"ஒரு வழி இருக்குப் பிள்ளை" என்றேன். "மெசினுக்குள்ள உடைச்சு ஊத்து. அன்னாசியும் இஞ்சியும் போட்டால் வெடுக்குத் தெரியாது."

"வெடுக்குத் தெரியாதெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் பிளெண்டர் மூடியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன்.

"மாமீ...!" என்றாள். பிறகு சிரித்தாள், வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு சட்டென்று நின்றுவிட்டாள். "நான் ஒளிச்சுக் குடிக்கமாட்டன் மாமி. என்ர பிள்ளைக்கு நான் ஏன் ஒளிக்கவேணும்? உங்கட மகனிட்ட நீங்களே சொல்லுங்கோ. சொல்லாட்டி இந்தக் கூத்து முடியாது."

அந்தப் பிள்ளைக்கு இருந்த முதுகெலும்பு எனக்கு அந்த வயதில் இருந்திருந்தால்!

சொன்னேன். மொட்டை மாடியில், உடுப்புக் கொடிக்குப் பக்கத்தில் நின்று, மகனுக்குச் சொன்னேன்.

"சுதன், பெரிய மாமிக்கு ரத்தம் ஏறினது கீரையால இல்லையடா. நான் முட்டை போட்டனான். ஒவ்வொரு நாளும்."

"அம்மா... உங்களுக்கென்ன விசரா?"

"நிரோஷாவுக்கு முட்டை வாங்கிக் குடு."

"அது நான் வாங்கிறன், விடுங்கோ. பெரிய மாமிக்குத் தெரியுமா?"

"இல்லை."

"தெரியவே கூடாது! தெரிஞ்சால் அவ செத்துப்போவா. இனிமேல் அவவின்ர கிளாசுக்குள்ள சுத்தமான சைவம் மட்டும்தான் போகவேணும். என்னில சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன்.

ஏன் செய்தீர்கள் அம்மா என்று கேட்பான் என்று நினைத்தேன். கேட்டால் அந்த ஜன்னலைச் சொல்லலாம், வராத பாலைச் சொல்லலாம் என்று தொண்டைக்குள் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டான். இப்போது வீடியோவில் என் முகத்தைப் பார்ப்பதில்லை. "பெரிய மாமியிட்டக் குடுங்கோ" என்கிறான்.

சத்தியத்தை நான் மீறவில்லை. முட்டையை நிறுத்திவிட்டேன்.

இதோடு பாவம் தீர்ந்தது என்று நினைக்கிறீர்களா? பொறுங்கள். நான் ஒப்புக்கொள்ள வந்த பெரிய குற்றம் இனித்தான் வருகிறது.

முட்டை இல்லாவிட்டாலும் சத்து இல்லாமல் போகுமா? முளைகட்டிய பயறு போடலாம். எள்ளு வறுத்து அரைத்துப் போடலாம். பேரீச்சம்பழத்தைக் கூட்டலாம், உளுந்தங்கஞ்சி வைக்கலாம். எல்லாம் சைவம்தான். படிக்காதவள் என்றாலும் இதெல்லாம் எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க இந்தக் குசினியில் நின்றவள் நான்!

நான் ஒன்றையும் போடுவதில்லை. போட்டதையும் எடுத்துவிட்டேன். முதலில் பேரீச்சம்பழம் போனது. பிறகு முருங்கையிலை. தேங்காய்ப்பாலுக்குப் பதிலாகத் தண்ணீர். இப்போது மச்சாள் குடிப்பது பச்சைத் தண்ணீர், கொஞ்சம் வல்லாரை வாசத்தோடு.

அவவுக்குத் திரும்பவும் தலை சுற்றுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறா. இந்த வெள்ளிக்கிழமை ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள் அல்லவா? இதுதான் காரணம்.

நேற்றுக் கிளாசை என்னிடம் நீட்டினா.

"இதில முந்தின ருசி இல்லை. நுரையும் இல்லை. என்னத்தைக் குறைச்சனீ?"

"ஒண்டையும் குறைக்கேல்லை மச்சாள். எல்லாம் சுத்தமாத்தான் போடுறன்."

"ஓம்... நீ சுத்தக்காரிதான்" என்று சொல்லிக் கண்ணை மூடினா. அது நக்கலா, நிசமா? தெரியவில்லை.

முட்டை போட்ட நாட்களில் நான் பயந்து பயந்து செய்தேன். இப்போது பயமே இல்லை! யார் வந்து பார்த்தாலும் கிளாசில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. மகன் கேட்ட சைவம். மச்சாள் கேட்ட சுத்தம். என் வயிற்றில் பிள்ளையோடு நான் எப்படித் தலை சுற்றி நின்றேனோ, அப்படியே அவவும் நிற்கிறா. எதைப் பாவம் என்று நீங்கள் சொல்வீர்கள்? கொடுத்ததையா, கொடாததையா? நான் இரவு பகலாகக் கேட்டுப் பார்க்கிறேன். நாளைக்குக் கூடப் பயறு ஊறப்போடலாம். டப்பா அலுமாரியில்தான் இருக்கிறது. கை போகுதில்லை...

வைத்தியம் தெரிந்த யாராவது இதை வாசித்தால் ஒரு உதவி. எழுத்துப் பிழைகளைப் பாருங்கள், அன்னாசி அளவையும் பாருங்கள். இன்னொன்றும் இருக்கிறது. மச்சாள் கைப்பையோடு எழும்பின அன்றும் டொக்டர் இரும்புச்சத்துக் குளிசை, மாத்திரை, எழுதிக் கொடுத்தவர். மச்சாள் அதை நான் முட்டை தொடங்க முந்தி எடுத்தாவா, பிந்தியா, எப்போது முடிந்தது என்று எனக்கு நினைவில்லை. தயவுசெய்து சரிபாருங்கள். ஆனால் அவவின் இரத்தத்தை ஏற்றியது அந்தக் குளிசைதான், இப்போது இறக்குவது அது முடிந்து போனதுதான், என் கை இல்லை என்று தெரிய வந்தால்... அதை மட்டும் எனக்குச் சொல்லாதேயுங்கள்.